பக்கத்து இடம் குடியிருப்பானால் என் பட்டறை என்னாகும்?

கேள்வி: சென்னையின் விளிம்பில், தொழில் பயன்பாட்டுப் பகுதி என்று வரைபடத்தில் உள்ள தெருவில் வாடகை ஷெட்டில் 18 ஆண்டுகளாகப் பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) பட்டறை நடத்துகிறேன். 12 பேர் வேலை செய்கிறார்கள். தெருவில் மொத்தம் 22 யூனிட்கள். பாதிக்கு மேல் வாடகைதான். ஒட்டியுள்ள 4 ஏக்கரில் இருந்த தொழிற்சாலை மூடிக்கிடந்தது. அங்கே முன்பு பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பிரிவும் இருந்தது. இப்போது ஒரு கட்டுமான நிறுவனம் அதை வாங்கி, தொழில் பயன்பாட்டிலிருந்து குடியிருப்பாக மாற்ற விண்ணப்பித்திருப்பதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. பின்தெருக் குடியிருப்போர் சங்கம் இதை ஆதரிக்கிறது. எங்களைப் பேசவும் அழைத்திருக்கிறது. முதலில் வந்தவர்கள் நாங்கள். எங்களைக் காலி செய்ய முடியுமா? இந்த மாற்றத்தைத் தடுக்க வழி உண்டா?

பதில்: உங்களை யாரும் ஓர் ஆணை போட்டு உடனே காலி செய்துவிட மாட்டார்கள். ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பக்கத்து இடத்தின் வகை மாறினால், உங்கள் பட்டறையில் ஓர் ஆணிகூட மாறாமலே நீங்கள் விதி மீறியவராக ஆகிவிடலாம். உங்கள் ஆட்சேபம் முழுக்க இந்த ஒரு புள்ளியைச் சுற்றி நிற்க வேண்டும் என்பதால் அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, தொழில் பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70 டெசிபல் வரை இருக்கலாம். வணிகப் பகுதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இந்த அளவு ஒலி போய்ச் சேரும் இடத்துக்கானது. இன்று உங்கள் மதில் தாண்டிப் போகும் சத்தம் விழுவது ஒரு தொழில் நிலத்தில். நாளை அதே சத்தம் ஒரு படுக்கையறை ஜன்னலில் விழும். இரவு வரம்பு 70-லிருந்து 45 ஆகிறது. 25 டெசிபல் என்றால் மூன்றில் ஒரு பங்குக் குறைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10-க்கும் ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். 25 குறைய வேண்டுமென்றால் ஆற்றல் ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு பங்காக வேண்டும். பழைய ஷெட்டில் ஓடும் பிரஸ்ஸுக்கு இது எளிதில் நடக்கிற காரியமல்ல.

நகரமைப்பு வரைபடத்தின் வகைப்பாடும் ஒலி விதியின் வகைப்பாடும் சட்டப்படி தனித்தனி. கலப்புப் பகுதியைத் தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதிப் பகுதி என்ற நான்கு வகைகளில் எதில் சேர்ப்பது என்று முடிவு செய்யத் தகுதியுள்ள அதிகாரிக்கு இடமுண்டு. ஆனால் புகார் வந்து ஆய்வுக்கு வருபவர் கையில் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைத்தான். வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம் என்கிறது 7-ஆம் விதி. குடியிருப்பு ஆகிவிட்டால் உங்களுக்கு எதிராகப் புகார் எழும் கோடு பகலில் 65, இரவில் 55.

“முதலில் வந்தோம்” என்பது நியாயமான வேதனை. சட்டத்தில் அதற்குப் பலம் குறைவு. பொதுத் தொல்லை எத்தனை ஆண்டு நடந்தாலும் உரிமையாக முற்றுவதில்லை. டெல்லியில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 168 தொழிற்சாலைகளை நகருக்குள்ளிருந்து வெளியேறச் சொன்னபோதும் அவை பல ஆண்டுகளாக அங்கே இருந்தவைதான். ஆட்சேபத்தில் இதை ஒரு வரி எழுதுங்கள், முதல் வரியாக வேண்டாம்.

இப்போது அறிவிப்பை எடுத்து, அதிலுள்ள சர்வே எண்களை உட்பிரிவோடு ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஷெட்டின் பட்டா, புலப்படம், நகர நில அளவைப் பதிவேடு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். உங்கள் சர்வே எண் அதில் இல்லையென்றால் உங்கள் நிலம் தொழில் பயன்பாட்டிலேயே தொடர்கிறது. இருந்தால் நிலைமை வேறு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 47-ஆம் பிரிவில், திட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் எந்தப் பயன்பாடு எந்த அளவில் இருந்ததோ அந்த அளவுக்கு, திட்டத்தில் சொல்லும் காலம் வரை, நிபந்தனையோடு தொடர இடம் தருகிறது. ‘அந்த அளவுக்கு’ என்பதில்தான் சிக்கல். இன்னொரு பிரஸ் போட முடியாது, ஷெட்டை நீட்ட முடியாது. வங்கிக் கடனும் கடினமாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னைக்கு 2008-ல் ஒப்புதலான இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டம் தயாராகி வருகிறது. தனி விண்ணப்பத்தைத் தடுத்துவிட்டு, புதிய வரைபடத்தில் தெரு முழுக்க நிறம் மாறியதைப் பார்க்காமல் விட்டால் உழைத்தது வீண். வரைவு வெளியாகும்போது உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று பார்த்து அங்கேயும் தனியாக மனு போட வேண்டும்.

மனு எழுதும் முன் உங்கள் சொந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆட்சேபம் கொடுத்த யூனிட்டுக்குத்தான் முதல் ஆய்வு வரும். கசப்பான உண்மை இது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் இருக்கிறதா? அதிலுள்ள குதிரைத்திறனும் மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையும் இன்று ஷெட்டில் உண்மையில் ஓடும் மோட்டார்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகின்றனவா? 40 எச்.பி.க்கு இசைவு வாங்கி 65 எச்.பி. ஓட்டும் யூனிட், வாதத்தில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். உள்ளாட்சித் தொழில் உரிமம், தொழிற்சாலைப் பதிவு தேவைப்படும் யூனிட் என்றால் அது, கட்டிட அனுமதி, பக்கவாட்டுக் காலியிடத்தில் போட்ட தகரக் கொட்டகை என எல்லாவற்றையும் சரிபாருங்கள். குறை இருந்தால் திருத்த விண்ணப்பத்தை முதலில் போட்டு அதன் ஒப்புகை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு ஆட்சேபத்துக்குப் போங்கள்.

தொடர்ந்து நடத்தி வருகிறீர்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் பழைய மின் கட்டண ரசீதுகள். தொழில் கட்டண வகையில், தொடர்ச்சியாக, யூனிட் கணக்கோடு மூன்றாம் தரப்பு கொடுத்த ஆவணம் அது. சொத்து வரி ரசீது, ஜி.எஸ்.டி., உத்யம் (சிறுதொழில்) பதிவு எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

வாடகைதாரர் என்பதால் ஷெட் உரிமையாளர் உங்கள் பக்கம் நிற்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து இடம் குடியிருப்பானால் அவர் நிலத்தின் விலையும் ஏறும். அவருக்கு விற்க ஆசை வருவது இயல்பு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்து அது பதிவாகியிருக்கிறதா, எத்தனை ஆண்டு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்று இப்போதே பாருங்கள். 22 யூனிட்களில் பாதிக்கு மேல் இந்த நிலைதான் என்றால், உங்கள் தெருவின் மிகப் பலவீனமான இடம் இதுதான். கட்டுமான நிறுவனத்தோடு மோதிக்கொண்டிருக்கும்போதே ஷெட்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிடலாம்.

ஆட்சேப மனுவுக்கு வருகிறேன். நிலப் பயன்பாட்டு மாற்றம் என்பது அந்த 1971 சட்டத்தின் 32-ஆம் பிரிவின் கீழ் முழுமைத் திட்டத்தையே திருத்தும் செயல். சாதாரணக் கட்டிட அனுமதியைவிடக் கனமானது. விண்ணப்பம் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தொழில்நுட்பக் குழுவுக்குப் போய், குழுமத்தின் முன் வைக்கப்பட்டு, ஏற்கப்பட்டால் அரசிதழில் வரும். அறிவிப்பில் சொன்ன கெடு தேதிக்குள் மனு அலுவலகத்தில் இருக்க வேண்டும். அனுப்பிய தேதியை நம்பி இருக்காதீர்கள். சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டில் ஒன்று அனுப்புங்கள். நேரில் தபால் பிரிவில் இன்னொன்று கொடுத்து உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பொதுவாக நடக்கும் தவறு, ஒரே வாசகத்தை 200 நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது. குறிப்புக் கோப்பில் அது ‘ஒரே பொருளில் 200 மனுக்கள்’ என்று ஒரு வரியாக அடங்கிவிடும். 22 யூனிட்களும் தனித்தனி மனு கொடுங்கள். ஒவ்வொன்றிலும் சர்வே எண், விண்ணப்ப நிலத்திலிருந்து எத்தனை மீட்டர் தூரம், இயந்திரங்களின் விவரம், வேலை நேரம், இசைவாணை எண், வேலை செய்வோர் எண்ணிக்கை இருக்கட்டும். தின்னர், பெயின்ட், எல்.பி.ஜி. வைத்திருப்பவர்கள் அளவோடு எழுதட்டும். ஒரு கூட்டு வரைபடத்தில் 22 யூனிட்களையும் குறித்து எல்லோர் மனுவோடும் இணையுங்கள். உங்கள் தெரு யூனிட்களுக்குச் சங்கம் இருந்து, அது பதிவு பெறாதது என்றால் அதன் பெயரில் மட்டும் மனு போடவே கூடாது.

மனுவின் மையப் பத்தி இப்படி இருக்கலாம்: “சர்வே எண் ... நிலம் குடியிருப்பாக மாற்றப்பட்டால், அதை ஒட்டி நடப்பு இசைவாணையோடு இயங்கும் 22 யூனிட்கள் தம் செயலில் எந்த மாற்றமும் இன்றி ஒலி மாசு விதிகளின் கீழ் வரம்பு மீறியவையாக ஆகும். இணைப்பில் உள்ள 24 மணி நேர அளவீட்டின்படி இன்றைய ஒலி அளவு தொழில் பகுதி வரம்புக்குள் உள்ளது. குடியிருப்பு வரம்பை மீறுகிறது. இந்த முரண்பாட்டை விண்ணப்பதாரர் தம் நிலத்துக்குள் எவ்வாறு தீர்ப்பார் என்பதற்கு விண்ணப்பத்தில் திட்டம் கோருகிறோம். எங்களை நேரில் கேட்டு முடிவெடுக்க வேண்டுகிறோம்.”

அந்த அளவீட்டை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைக் கொண்டு எடுங்கள். மதில் எல்லையில், தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரின் எதிரொலி சேராத தூரத்தில் கருவி நிற்க வேண்டும். இயந்திரங்கள் ஓடும்போது ஒருமுறை, எல்லாம் நின்றிருக்கும்போது ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அளவு இல்லாவிட்டால் சாலை லாரிகளின் சத்தமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். முடிவு தொழில் பகுதி வரம்பையே தாண்டினால் அதை மனுவோடு இணைக்காமல், முதலில் ஷெட்டைச் சரிசெய்யுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் இன்றே ஒரு மனு போடுங்கள்: விண்ணப்ப நகல், இணைத்த வரைபடம், கள ஆய்வுக் குறிப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்பு, உள்ளாட்சி ஆகியவற்றிடம் கேட்ட கருத்துகளும் வந்த பதில்களும். பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். விண்ணப்ப வரைபடத்தில் பக்கத்து யூனிட்கள் ‘காலி இடம்’ என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் உங்கள் மனுவிலேயே கூர்மையான பத்தி அதுதான்.

தடுக்க முடியுமா என்றால், சாலை அகலம் போதாது, தீ அபாயம் உள்ளது, சுற்றிலும் முழுக்கத் தொழில் நிலம் இருக்க நடுவில் ஒரு துண்டு மட்டும் மாறுகிறது என்பன வலுவான காரணங்கள். நிலவிலை, நிறுவனத்தின் செல்வாக்கு பற்றி எழுதுவதால் பயனில்லை. ஆனால் மூடிக்கிடக்கும் 4 ஏக்கர் நகருக்குள் என்றென்றும் சும்மா கிடக்காது. கிண்டியிலும் அம்பத்தூரிலும் பழைய ஷெட்டுகள் இருந்த இடங்களில் அலுவலகக் கட்டிடங்கள் எழுந்தன; இரவில் அங்கே யாரும் தூங்குவதில்லை என்பதால் உரசல் குறைவு. எனவே ‘வேண்டாம்’ என்ற ஒரே கோரிக்கையோடு போகாமல், ‘மாற்றினால் இந்த நிபந்தனைகளோடு’ என்று மாற்றுக் கோரிக்கையும் வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் வைத்தவர்கள் அதில் தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாது.

என்ன நிபந்தனை கேட்பது? 4 ஏக்கர் என்பது சுமார் 16,190 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒப்படைக்க வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான். ஏறக்குறைய 1,600 சதுர மீட்டர் வரும். அதை நிலத்தின் மறுகோடியில் ஒதுக்காமல் உங்கள் மதிலை ஒட்டி நீளவாக்கில் வைக்கக் கோருங்கள். 160 மீட்டர் நீளத்துக்கு 10 மீட்டர் அகலப் பட்டை கிடைக்கும். பொதுச்சாலையிலிருந்து அதற்கு வழி வேண்டும் என்பதால் அமைப்பையும் நீங்களே வரைந்து கொடுங்கள்.

அந்தப் பட்டை மட்டும் போதாது. தூரம் இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல்தான் குறையும். பிரஸ்ஸிலிருந்து 10 மீட்டரில் 80 இருந்தால் 20 மீட்டரில் 74, 40-ல் 68, 80-லும் 62. மரம் நட்டால் கண்ணுக்கு மறையும், காதுக்கு மறையாது. உயரமான மதிலும் தரைத்தளத்துக்கு மட்டுமே உதவும்; ஐந்தாவது மாடி ஜன்னல் உங்கள் ஷெட்டின் கூரையை நேராகப் பார்க்கும், சத்தம் வருவதும் அந்தக் கூரை வழியாகத்தான். அதனால் உங்கள் பக்கம் பார்த்த முகப்பில் படிக்கட்டு, லிஃப்ட், அடுக்கு வாகன நிறுத்தம், கடை ஆகியவை வரவேண்டும், படுக்கையறை ஜன்னல் வரக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். முன்வரிசை நிலத்தை வணிகமாக மாற்றினால் இரவு வரம்பு 45-க்குப் பதில் 55 ஆகும். ஆனால் வணிகம் என்று மாற்றிய இடத்தில் பிறகு வீடு கட்டிவிடாதபடி அதையும் நிபந்தனையாக்க வேண்டும்.

விற்பனைப் பத்திரத்தில், பக்கத்தில் தொழில் பகுதி இயங்குகிறது என்பதை வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார் என்ற வாசகம் சேர்க்கச் சொல்லலாம். இது வாரியத்தையோ நீதிமன்றத்தையோ கட்டுப்படுத்தாது. இருந்தும் கேளுங்கள். வீடு வாங்கப்போகும் குடும்பத்துக்கு அந்த உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

அவர்களுக்காகவும் உங்களுக்காகவும் ஒருசேரக் கேட்க வேண்டியது மண் பரிசோதனை. பிளேட்டிங் நடந்த இடத்தில் குரோமியம், நிக்கல், சயனைடு தரைக்குள் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது ஊரறிந்தது. பழைய தொட்டிகளும் கழிவுநீர்க் குழிகளும் இருந்த புள்ளிகளில் ஆழத்துக்கு ஆழம் மண் மாதிரியும் போர்வெல் நீர் மாதிரியும் எடுக்க வேண்டும். நிலத்தின் நான்கு மூலையில் மேல்மண்ணை அள்ளி அனுப்பிய அறிக்கை செல்லாது என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள். அடித்தளம் தோண்டும்போது வெளிவரும் மண் எங்கே போகிறது என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

மழைநீரை மறந்துவிடாதீர்கள். புதிய நிலத்தை உயர்த்தி மண் கொட்டுவார்கள். அடுத்த மழையில் தண்ணீர் உங்கள் ஷெட்டுக்குள் நிற்கும். இறுதித் தரைமட்டமும் வடிகால் சேரும் இடமும் வரைபடத்தில் மீட்டர் கணக்கில் இருக்க வேண்டும்.

இந்த அளவு நிலத்தில் அடிப்படை எஃப்.எஸ்.ஐ. (நிலப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம்) 2 என்று வைத்தாலும் கட்டிடப் பரப்பு 32,000 சதுர மீட்டரைத் தொடும். 20,000-ஐத் தாண்டினால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கட்டிடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லை. ஆனால் ஆவணங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதலாம். அனுமதி ஆணையை எதிர்த்துத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிலப் பயன்பாட்டு மாற்றத்தையே எதிர்ப்பதற்கு அந்தத் தீர்ப்பாயம் சரியான இடமல்ல. நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் பட்டியலில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. ஆணை வருமுன் போனால் ‘இன்னும் காலம் வரவில்லை’ என்பார்கள். மூன்றாவது மாடி எழுந்தபின் போனால் ‘ஏன் தாமதம்’ என்பார்கள். ஆணை வெளியானவுடன் போக, வழக்கறிஞரிடம் கோப்பை இப்போதே கொடுத்து வையுங்கள்.

இதற்கிடையே உங்கள் ஷெட்டுக்குள் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரஸ்ஸின் கீழ் அதிர்வுத் தாங்கி, கம்ப்ரஸருக்குத் தனிச் செங்கல் அறை. பஞ்ச்சில் (தகட்டை வெட்டும் மேல் அச்சு) சிறிது சரிவு கொடுத்துத் தீட்டினால் அடி ஒரே நொடியில் விழாமல் படிப்படியாக வெட்டும், சத்தம் குறையும். வெட்டும் துண்டு வளைந்துவிடாதபடி எந்தப் பக்கம் சரிவு கொடுப்பது என்பது உங்கள் டை மேக்கருக்குத் தெரியும். பாகத்தை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய்க்குச் சத்தம் குறைந்த நாசில் மாட்டுங்கள். ஸ்க்ராப் விழும் இரும்புத் தொட்டியின் உள்பக்கம் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை ஒட்டுங்கள். இவை எல்லாம் செலவு குறைந்தவை. பெரிய ஓட்டை சுவருக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதை அப்படியே அடைத்தால் உள்ளே வேலை செய்பவர்கள் வெந்துபோவார்கள். ஒலி தடுக்கும் லூவர் (காற்று புகும் சாய்தகடுகள்) போட்டு, கூரையின் உள்பக்கம் ராக் வுல் பலகை பொருத்துங்கள், வெப்பமும் குறையும். இரவு 10-க்குப் பிறகு பிரஸ்ஸை நிறுத்திவிட்டு அசெம்பிளி, பேக்கிங் மட்டும் நடக்கும்படி ஷிப்டை மாற்ற முடியுமா என்று கணக்குப் பாருங்கள்.

குடியிருப்போர் சங்கம் அழைத்திருக்கிறது, போங்கள். அவர்களில் சிலர் உங்கள் பிரஸ் சத்தத்தில் கைக்குழந்தையைத் தூங்கவைத்துக் கஷ்டப்பட்டிருப்பார்கள். அந்தக் குறை உண்மையானது, அதை மறுத்துப் பேசினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒலி அளவீட்டின் நகல், ஷெட்டில் செய்யப்போகும் வேலைகளின் பட்டியல், அதற்கான தேதிகள் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். நிலமட்டம் உயர்வதும் பிளேட்டிங் மண்ணும் நிலத்தடி நீரும் அவர்கள் வீட்டையும் தொடும் விஷயங்கள். அந்த மூன்றிலும் கூட்டு மனு போட ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். நிலத்துக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒரே நிபந்தனையைக் கேட்டால் தொழில்நுட்பக் குழு அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பேசியதை இரண்டு பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆட்சேபக் கெடு முடியும் முன் சி.எம்.டி.ஏ.வில் சேர்த்துவிடுங்கள்.